கண்ணின் பின்சுவர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

என் எண்ணை பிளாக் செய்துவிட்டீர்கள். சரி. தபால்காரரை எப்படி பிளாக் செய்வீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். ஆனால் கிழிக்கமாட்டீர்கள். இந்த வாலு என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பார்க்காமல் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உங்களைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

முதலில் மன்னிப்பு. அந்தக் கல்யாண வரவேற்பில் உங்கள் கையிலிருந்த இரண்டாவது ஐஸ்கிரீம் கிண்ணத்தை நான் பிடுங்கியது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அதோடு நிறுத்தாமல் வாயைத் திறந்தது. "பதினோரு வருஷமா சுகர், கண்ணைக் காட்டி நாலு வருஷம் ஆச்சு, இவங்கதான் நாற்பது மீட்டர் உயரத்துல உக்காந்து கண்டெய்னர் தூக்குறாங்க!" என்று நான் கத்தியபோது, உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்தவர் உங்கள் துறைமுகத்தின் ஷிப்ட் மேலாளர் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோட்டு போட்டு வந்திருந்தார். ஹெல்மெட் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

சொன்ன இடம் தப்பு, சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை அண்ணி. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஒரு நாளைக்கு நாற்பது பேரை எங்கள் கண் மருத்துவமனை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்குள் படம் எடுக்கிறவள் நான். எண்பது கண்கள். வெளியே தெரியும் கருவிழி வெறும் வாசல்தான். நான் எடுப்பது உள்ளே இருக்கும் பின்சுவரை. பார்வை விழுவதே அந்தச் சுவரில்தான். அதற்குள் முடியை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சர்க்கரை அவற்றைத்தான் அரிக்கும். குழாயை அரிக்குமே தவிரக் கண் அரிக்காது. வலிக்காது, சிவக்காது, மங்காது. "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருவார்கள். படத்தைப் பார்த்தால் சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கசிவு.

போன வாரம் எங்கள் மருத்துவமனைக்குப் புதுக் கேமரா வந்திருக்கிறது! கண்ணின் ஓரம் வரை ஒரே படத்தில் விழுகிறது. நான் குழந்தை மாதிரி குதித்தேன். அதே கேமரா உங்கள் ஊரிலும், பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் கண் மருத்துவமனையில் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை, அரை நாள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பிளாக் செய்யப்பட்ட வாலு


மார்ச் 11

வாலுக்கு,

உன்னோடு நான் பேசமாட்டேன். இது பேச்சு இல்லை, எழுத்து. அதனால் கணக்கில் வராது.

உன் வாய் என்ன செய்தது தெரியுமா? மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும்போது, இருபத்திரண்டு பேர் முன்னால் அந்த மனிதர் என்னைக் கேட்டார்: "கண்ணெல்லாம் நல்லா இருக்கில்ல?" இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ என் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்த மாதிரி. கண்டெய்னர் முற்றத்தின் அந்தக் கோடியில் அடுக்கியிருந்த பெட்டியின் எண்ணை, பதினோரு எழுத்தையும் ஒன்று விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு லிப்டில் ஏறிவிட்டேன்.

பத்தொன்பது வருஷம்! கண்ணாடித் தரை போட்ட கேபினில் உட்கார்ந்து, என் இரண்டு கால்களுக்கு நடுவே கீழே பார்த்து, நாலு மூலைத் துளையிலும் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, கப்பலிலிருந்து கரைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெட்டியில் ஒரு கீறல் உண்டா? என்னை 'மேல்மாடி' என்று கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா?

இதை உனக்குச் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், உன் அண்ணனிடம் சொன்னால் "அப்படியா" என்று ஒற்றை வார்த்தையோடு முடித்துவிடுகிறார். வாலு, புதுக் கிரேன் வருகிறது! பிரித்து அடுக்கி வரவில்லை, கப்பல் மேல் முழுசாக நின்றபடியே வருகிறது! கேபின் மட்டும் ஐம்பத்திரண்டு மீட்டர் உயரத்தில். திறப்பு விழா அன்று முதல் பெட்டியைத் தூக்கப்போவது யார் என்று நினைக்கிறாய்? அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். நான்தான்! நெட்டை ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். என்னைவிட இரண்டு வருஷம் ஜூனியர், ஆனால் ஆறடி இரண்டு அங்குலம், அதனால் உயரமான கிரேன் தனக்குத்தான் என்று நினைத்தானாம்.

கண்ணைக் காட்டத்தான் போகிறேன். உனக்காக இல்லை. சுத்தமான படத்தைக் கையில் வாங்கி உன் மூஞ்சியில் ஒட்டுவதற்காக. இருபதாம் தேதி எனக்கு விடுமுறை.

அண்ணி


மார்ச் 14

அண்ணி!!

அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பக்கூட முடியாதபடி பிளாக் செய்து வைத்திருக்கிறீர்களே! ஐம்பத்திரண்டு மீட்டர்! பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிவிட்டேன், மாடியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களுக்கும் சொல்கிறேன். "ஆடாதீங்க, எங்க அண்ணி முதல் பெட்டி தூக்கப்போறாங்க" என்றால் அப்படியே அசையாமல் உட்காருகிறார்கள்.

இருபதாம் தேதி கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். கண்பாப்பா விரிந்து நாலைந்து மணி நேரம் எல்லாம் கூசும். கருப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள். வண்டி ஓட்டாதீர்கள். டாக்டர் பார்க்கும் வரை இருங்கள். கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள்.

வாலு


மார்ச் 20

வாலு,

மூக்கு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை, வரி வளைந்தால் மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. இன்று போல ஒரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை!

சொன்னபடி காலையில் போனேன். சொட்டு மருந்து விட்டார்கள், எரிந்தது. படம் எடுத்த பெண் உன்னை மாதிரியே சிடுசிடு. "மேல பாருங்க, கீழ பாருங்க, இமைக்காதீங்க." ஒரு வெளிச்சம் பளிச்சென்று மண்டைக்குள் போய் வந்தது. முடிந்தது. "வெளிய உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவார்" என்றாள். எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர்.

அப்போதுதான் நெட்டையிடமிருந்து போன். "மேல்மாடி, எங்க இருக்க? கப்பல் உள்ள வந்துகிட்டிருக்கு! நாளைக்குன்னு சொன்னாங்க, இன்னைக்கே வந்துடுச்சு!"

சொல், நான் உட்கார்ந்திருப்பேனா? அந்தப் பெண்ணிடம் போய் என் படத்தின் பிரதி ஒன்று கேட்டேன். "டாக்டர் பாக்காம போகக் கூடாதுங்க" என்றாள். "என் நாத்தனாரும் இதே வேலைதான், அவ பாத்துக்குவா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

ஆட்டோக்காரரின் கருப்புக் கண்ணாடியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு துறைமுகத் தடுப்புச் சுவரோரம் நின்றேன். அதையும் மீறி வெயில் ஊசி மாதிரி குத்தியது. தண்ணீர் முழுக்க வெள்ளிக் காகிதம். அந்த வெளிச்சத்துக்கு நடுவே, நீலமாக, ஒரு ஒட்டகச்சிவிங்கிக் கூட்டத்தையே ஒன்றாகக் கட்டி நிறுத்திய மாதிரி என் கிரேன் மிதந்து வந்தது! இழுவைப் படகுகள் நாலு பக்கமும் எறும்பு மாதிரி. சங்கு ஊதினார்கள் பார், கீழே நின்ற அத்தனை பேரும் கத்தினோம். நெட்டைகூடக் கோபத்தை மறந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். என் கண்ணில் வழிந்தது மருந்தா அழுகையா என்று எனக்கே தெரியாது.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். என்ன அழகு! ஆரஞ்சு நிறத்தில் முழு நிலா மாதிரி இருக்கிறது, உள்ளே ஆற்றுக் கிளைகள் மாதிரி கோடுகள். ஓரத்தில் பூவேலைகூட இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறாய்?

அண்ணி


மார்ச் 23

அண்ணி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளை கிடைத்துவிடும். அதற்குள் அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். உங்கள் எண்ணுக்கு ஒன்பது தடவை அடித்துப் பார்த்துவிட்டு அவருக்கு அடித்தேன். எழுதாமல் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

உறையைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் பிரித்தேன். ஓரத்தில் பூவேலை என்று எழுதியிருக்கிறீர்களே, அது வலது கண். அது பூவேலை இல்லை.

நான் டாக்டர் இல்லை. படம் எடுப்பவள் நோய் சொல்லக் கூடாது, அது எங்கள் விதி. அதனால் படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் டாக்டர் அறைக்கு ஓடினேன். வாயில் சாப்பாட்டோடு வாங்கிப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார். "இவங்க என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இன்னைக்கு வேலைக்குப் போயிருக்காங்களா?" என்றார். அதற்கு மேல் அங்கே நான் நிற்கவில்லை.

கிரேனில் ஏறாதீர்கள் அண்ணி. உங்கள் ஊர் மருத்துவமனைக்கு இன்றே போங்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, பயமாக இருக்கிறது.

வாலு


மார்ச் 26

வாலுக்கு,

உன் கூரியர் வருவதற்கு முன்னால் உன் அண்ணன் வந்துவிட்டார். அதை எழுதாவிட்டால் பொறுக்காது.

கப்பலிலிருந்து இருபத்தேழாவது பெட்டி. சட்டத்தில் பூட்டித் தூக்கிவிட்டேன், பாதி வழியில் தண்ணீருக்கு மேலே தொங்குகிறது. வாக்கி டாக்கியில் மேலாளர் குரல்: "மேல்மாடி, கையில இருக்கிறதை இறக்கிட்டுக் கீழ வாங்க. உங்க வீட்டுக்காரர் கேட்ல நிக்கிறார்." யாருக்கு என்ன ஆச்சோ! ஆனாலும் அவசரப்படவில்லை. லாரியின் மேல் நாலு மூலையும் உட்கார்ந்த பிறகுதான் பூட்டைத் திறந்தேன். லிப்டில் இறங்குவதற்குள் மூன்று தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டேன்.

கேட்டில் உன் அண்ணன். வலது காலில் அவர் செருப்பு, இடது காலில் என் செருப்பு. ஒற்றை வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கண்ணுக்குள்ள உடையப்போகுதாம், வாலு அழறா, நீ இனிமே மேல ஏறக் கூடாது, வா, ஆட்டோ நிக்குது." இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். காவலாளிக்குக் கேட்டுவிடப் போகிறது என்று வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனேன். மேலாளரிடம் வீட்டில் அவசரம் என்று மட்டும் சொன்னேன்.

கண் மருத்துவமனைக்குப் போனால், "உங்களுக்கு மூணு நாளா போன் பண்ணிக்கிட்டிருக்கோம், எடுக்கவே மாட்டேங்கிறீங்க" என்கிறார்கள். தெரியாத எண்ணை நான் எடுப்பதில்லை. கடன் அட்டை விற்கிறவர்கள் என்று நினைத்தேன்.

டாக்டர் அம்மா சின்ன வயசு. கோபப்படவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். உள்ளே குழாய்கள் கெட்டுப்போனதால், ரத்தம் போதாமல் கண் தானாகவே புதுக் குழாய்களை முளைக்கவிட்டிருக்கிறதாம். "புதுசுன்னா நல்லதுதானே?" என்றேன். "இது பலமில்லாதது. எப்ப வேணும்னாலும் உடையும். உடைஞ்சா கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டி, திரை விழுந்த மாதிரி மறைச்சிடும். தும்மும்போது உடையலாம், தூங்கும்போது உடையலாம்" என்றார். அவர் சொல்லாததை நானே சொல்லிக்கொண்டேன்: முப்பது டன் தொங்கும்போதும் உடையலாம். கீழே ஆட்கள் நிற்பார்கள்.

இடது கண்ணில் ஆரம்பக் கசிவுதான், கவனித்தால் போதுமாம். வலது கண்ணுக்கு லேசர், மூன்று தடவை, இரண்டு வார இடைவெளியில். இப்போது வந்ததால் காப்பாற்றிவிடலாம் என்றார். பார்வைப் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டேன், வாலு! ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை! அவ்வளவு நன்றாகத் தெரிகிற கண்ணுக்குள் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

இப்போது கேள். ஆபீஸில் முதுகுவலி என்று ஆறு வாரம் விடுப்பு எழுதிக் கொடுக்கப்போகிறேன். லேசரை முடித்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிவிடுவேன். திறப்பு விழா மே முதல் வாரம், சரியாக இருக்கும். கண் என்று சொன்னால் என்னை நிரந்தரமாகக் கீழே உட்காரவைத்து ரசீது எழுதச் சொல்லிவிடுவார்கள். உன் வாயை நீ பூட்டி வைத்தால் போதும்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில்தான் நான் சொல்லி முடிக்க முடிகிறது.

அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். செருப்பு வரும்போதெல்லாம் சிரித்தேன். அடுத்த பத்திக்கு வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

என் வாய் பூட்டித்தான் இருக்கும். ஒரு தடவை உங்கள் விஷயத்தை உங்களைக் கேட்காமல் ஊருக்குச் சொன்னேன், அந்த வெட்கமே எனக்குப் போதும். உங்கள் மேலாளர் என் முன்னால் வந்து நின்று கேட்டாலும் சொல்லமாட்டேன். அது நீங்கள் சொல்லவேண்டியது.

ஆனால் முதுகுவலி வேண்டாம் அண்ணி.

போன வருஷம் ஒரு பஸ் டிரைவர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வண்டி நிறைய ஆள். ஒரு கண்ணில் திடீரென்று மை கொட்டின மாதிரி ஆகிவிட்டதாம். மற்ற கண்ணை வைத்துக்கொண்டு ஓரமாக நிறுத்திவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும்மா, டாக்டர் சொன்னாரு. வேலை போயிடும்னு யாருக்கும் சொல்லல. அதுதான் தாங்கல" என்றார். கண் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நீங்கள் பதட்டத்திலும் பெட்டியை நாலு மூலையும் உட்காரவைத்துவிட்டு இறங்கியவர். தெரியாமல் ஏறியது வேறு. தெரிந்தபிறகு, ஒளித்துவைத்துக்கொண்டு உங்களால் அந்தக் கேபினில் நிம்மதியாக உட்கார முடியாது. உங்களை எனக்குத் தெரியும்.

லேசருக்குப் பயப்படாதீர்கள். பச்சை வெளிச்சம் சடசடவென்று அடிக்கும். சில அடிகள் சுருக்கென்று இருக்கும். ஓரப் பார்வையும் இருட்டில் பார்வையும் கொஞ்சம் குறையலாம், அதை மறைக்கமாட்டேன். நடுப்பார்வையைக் காப்பாற்ற ஓரத்தில் கொடுக்கிற விலை அது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இழுத்துப் பிடிப்பது உங்கள் கையில்.

என்ன முடிவு எடுத்தாலும் நான் உங்கள் பக்கம்தான்.

வாலு


ஏப்ரல் 9

வாலு!

சொல்லிவிட்டேன்!!

வீட்டில் அவசரம் என்று எடுத்த விடுப்பு முடிகிற அன்று, புது விடுப்புத் தாளில் 'முது' வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்த பஸ் டிரைவரை ஏன் என் வீட்டுக்குள் அனுப்பினாய், பாவி? தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். மருத்துவமனையில் இன்னொரு பிரதி வாங்கி வைத்திருந்த என் பின்சுவர்ப் படத்தை அவர் மேசைமேல் வைத்தேன்.

"இது என்ன, பீட்சாவா?" என்றார்.

"என் வலது கண்ணுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரவேற்பில் நீ சொன்னது உண்மை என்பதையும் சேர்த்து.

அந்த மனிதர் படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் ரசீது எழுதும் மேசையை மனசில் போட்டு அதன் மேல் பேனாகூட அடுக்கிவிட்டேன். கடைசியில் சொன்னார்: "திறப்பு விழாவுல நீங்க தூக்க முடியாது. அது நெட்டைக்குப் போகும். டாக்டர் எழுத்துல குடுத்தா, நம்ம கம்பெனி பரிசோதனையிலயும் பாஸ் ஆனா, உங்க சீட்டு உங்களுக்கு. நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, அதை நான் ஃபைல்ல எழுதி வைக்கிறேன்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். முதல் பெட்டி போய்விட்டதே என்று அழுதேன், சீட்டு போகவில்லையே என்றும் அழுதேன். இரண்டையும் ஒரே கைக்குட்டையில் துடைத்தேன்.

நேற்று முதல் லேசர். நீ சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் சுருக்கென்றது, பொய் சொன்னதற்கு உன்னை அப்புறம் கவனிக்கிறேன். நாடியைத் தாங்கியில் வைத்துக்கொண்டு, இமைக்காமல், அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "இவ்வளவு ஆடாம யாரும் உக்காந்ததில்ல" என்றார் டாக்டர் அம்மா. "பத்தொன்பது வருஷப் பழக்கம்" என்றேன்.

அண்ணி


மே 6

வாலு, வாலு, வாலு!

திறப்பு விழா முடிந்தது. இதை எழுத எனக்குக் கை போதவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் நெட்டை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆறடி இரண்டு அங்குலமும் ஐந்தடியாகச் சுருங்கியிருந்தது. "மேல்மாடி, எனக்கு அந்தப் புது மெஷின்ல கை பழகல. கீழ நின்னு வாக்கியில நீ பேசிக்கிட்டு இருந்தா நான் தூக்கிடுவேன்" என்றான். "போடா, உன் இஷ்டம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எத்தனை மணிக்கு வரணும்?" என்று வந்துவிட்டது.

மேளதாளம் இல்லாத குறைதான். மேடை, மாலை, கேமராக்கள். நான் மஞ்சள் சட்டை, ஹெல்மெட், கையில் வாக்கி. அவன் மேலே ஒரு புள்ளி. "காத்து இடது பக்கம் தள்ளுது, கொஞ்சம் பொறு... இப்ப இறக்கு... மெதுவா, குழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி... நில்லு. மூலை வரட்டும்... போடு!" பெட்டி லாரியில் உட்கார்ந்த சத்தம் இருக்கிறதே, டங்கென்று, அது என் காலடி வழியாக ஏறி மண்டைக்கு வந்தது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். வாக்கியில் அவன் சிரிப்பு மட்டும் கேட்டது.

கீழே வந்ததும் என்னை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கும் ஆறு வருஷமா சுகர். கண்ணை ஒரு தடவைகூடக் காட்டினதில்ல. உன்னைக் கீழ இறக்கினாங்கல்ல, அன்னையிலேர்ந்து நான் மேல ஏறும்போதெல்லாம் கை வேர்க்குது" என்றான். அவ்வளவு பெரிய ஆள், சின்னப் பையன் மாதிரி நிற்கிறான்!

அவனை அழைத்துக்கொண்டு நேராக மேலாளரிடம் போனேன். "இங்க இன்னும் எத்தனை பேரு இப்படி ஒளிஞ்சுகிட்டு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? சொன்னா சீட்டு போயிடும்னு பயந்துதான் யாரும் வாயைத் திறக்கல. சீட்டு போகாதுன்னு நீங்க முதல்ல எழுதி ஒட்டுங்க. அப்புறம் ஒரு கேமராவை இங்கயே வரவழைங்க" என்றேன்.

எழுதி ஒட்டிவிட்டார்! உங்கள் மருத்துவமனையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் கேமரா இருக்கிறதாமே? மேலாளர் கடிதம் அனுப்பியிருக்கிறார். யாரை அனுப்பவேண்டும் என்று உன் பெயரோடு கேட்டிருக்கிறார். அவள் கோட்டு போட்ட ஆளை அடையாளம் தெரியாதவள் என்று நான் அவரிடம் சொன்னேன்.

அண்ணி


ஜூன் 19

அன்புள்ள அண்ணி,

ஊர் வந்து சேர்ந்தேன். இன்னும் காதுக்குள் உங்கள் துறைமுகம் இரைகிறது.

இரண்டு நாளில் நூற்று நாற்பது பேர்! நீங்கள் வாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த கண்ணு வரலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்களே, அந்தக் குரல் என் கனவில்கூட வருகிறது. வெல்டிங்காரர் ஒருவர் கேமரா வெளிச்சத்துக்குப் பயந்தபோது, "தினமும் தீப்பொறி பாக்கிற ஆளு, இதுக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு உட்காரவைத்தீர்கள். என்னிடம் வாயை அடக்கச் சொன்ன அண்ணி நீங்கள்தானா என்று பார்த்தேன்.

டாக்டர் எல்லாப் படங்களையும் பார்த்து முடித்துவிட்டார். சர்க்கரை உள்ளவர்கள் முப்பத்தெட்டு பேர். அவர்களில் ஏழு பேருக்கு உடனே சிகிச்சை வேண்டும், ஏழு பேருக்குமே தகவல் போய்விட்டது. எல்லோரும் போனை எடுத்தார்கள்! நெட்டை அண்ணன் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்: அவர் பின்சுவர் பளிங்கு மாதிரி சுத்தம். டாக்டர் அன்றே படத்தைப் பார்த்துப் போனில் சொன்னதும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து என் வண்டியின் கூரையில் இடித்துக்கொண்டார். நெற்றி வீங்கியதற்கு மருந்து போட்டது மருத்துவக் கணக்கில் சேராது.

ஒன்று சொல்லவேண்டும். கடைசி நாள் நீங்கள் என் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தபோது, பொத்தானை அவசரப்பட்டு அமுக்கிவிட்டேன். முதல் படம் கலங்கிப்போய்விட்டது, நீங்கள் இமைத்ததாகப் பொய் சொன்னேன். இரண்டாவது படத்தில் லேசர் அடித்த தழும்புகள் வரிசை வரிசையாக இருந்தன. அந்த முளைத்த குழாய்கள் சுருங்கி, நூலாகிக் கிடந்தன. எட்டு வருஷமாகப் படம் எடுக்கிறேன், அண்ணி. இவ்வளவு அழகான படத்தை நான் எடுத்ததில்லை.

திங்கட்கிழமை உங்களுக்குக் கம்பெனி பரிசோதனை. எனக்குத் தூக்கம் வராது.

வாலு


ஜூலை 2

என் வாலுக்கு,

எழுத்து கொஞ்சம் ஆடும். காரணம் கண் இல்லை. நான் இருக்கும் இடம் ஆடுகிறது.

ஐம்பத்திரண்டு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்! காற்று வேகம் அளவைத் தாண்டிவிட்டதால் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இறங்கிவிட்டு மறுபடி ஏறுவானேன் என்று மேலேயே இருக்கிறேன். பெட்டிக் கணக்கு எழுதும் தாளின் பின்பக்கம்தான் கிடைத்தது, கோபித்துக்கொள்ளாதே.

பரிசோதனையில் பாஸ். ஓரப் பார்வைக்கு ஒரு இயந்திரம் வைத்தார்கள். புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கவேண்டும். மேல் மூலையில் சிலது தப்பியது. மற்றதெல்லாம் பிடித்துவிட்டேன். பகல் ஷிப்ட் மட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இருட்டில் வேலை கிடையாது. அது கொஞ்சம் உறுத்துகிறது, பொய் சொல்லமாட்டேன். விளக்கெல்லாம் எரியும்போது இந்தத் துறைமுகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. போகட்டும். அதை நெட்டைக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த பரிசோதனை அக்டோபரில். தேதி வாங்கிவிட்டேன். உன் அண்ணன் அதை அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, "போகணும்" என்றார். பழைய ஒற்றை வார்த்தைக்குத் திரும்பிவிட்டார்.

இன்று காலை ஏழு மணிக்கு ஏறினேன். லிப்ட் நின்றதும் கால் கூசியது. மூன்று மாசத்துக்கு மேல் தரையில் நடந்திருக்கிறேன் அல்லவா? சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினேன். கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்தேன். கரையில் நின்ற லாரிகள் தீப்பெட்டி அளவுக்கு இருந்தன. முதல் பெட்டி சிவப்பு. சட்டத்தை இறக்கினேன். ஒரு மூலை வந்தது, இரண்டு வந்தது, நாலும் விழுந்து பச்சை விளக்கு எரிந்தது. தூக்கினேன், வாலு! முப்பது டன் என் விரல் நுனியில் ஏறியது! கத்திவிட்டேன். வாக்கியை அமுக்கிக்கொண்டே கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. துறைமுகம் முழுக்கக் கேட்டுவிட்டது. இப்போது ஆளாளுக்கு என்னை மாதிரிக் கத்திக் காட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு நூற்றுப் பதினெட்டுப் பெட்டி இறக்கியிருக்கிறேன். ஒன்றில் ஒரு கீறல் இல்லை.

இரு, வாக்கியில் கூப்பிடுகிறார்கள். காற்று இறங்கிவிட்டதாம். கப்பலில் இன்னும் நானூறு பெட்டி இருக்கிறது. வைக்கிறேன்.

அண்ணி